கண் அசைவுச் சிகிச்சைக்குப் போகும் முன்னும் போன பின்னும்

விரலை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினால் மனக்காயம் ஆறிவிடுமா என்று, மனக்காயம் தரும் நினைவைக் கண் அசைவின் துணையோடு ஆற்றும் இ.எம்.டி.ஆர். என்ற சிகிச்சையின் பெயரைக் கேள்விப்பட்ட எவரும் கேட்கத்தான் செய்வார்கள். கேட்பது நியாயமே. ஆடுகிற விரலை மட்டும் பார்த்தால் அது மந்திரிப்பதைப் போலத்தான் இருக்கும். ஆனால் விரல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே இந்தச் சிகிச்சையின் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அது முடியாமல் அவசரப்படுகிற இடத்தில்தான் பெரும்பாலான கோளாறுகள் நேர்கின்றன. யாரும் தாமே செய்துகொள்வதற்காக இந்த வழிகாட்டி எழுதப்படவில்லை. போகலாமா என்று யோசிப்பவரும், போவதென்று முடிவு செய்துவிட்டவரும், அவரைக் கூட்டிப்போகிற வீட்டாரும் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், அறைக்குள் என்ன நடக்கும், வீடு திரும்பிய பின் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது.

1987-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உளவியல் ஆய்வு மாணவியாக இருந்த ஃபிரான்சின் ஷாபிரோ, ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தம்மை அரித்துக்கொண்டிருந்த சில எண்ணங்களின் உறுத்தல் திடீரெனக் குறைவதையும், அதே நேரத்தில் தம் கண்கள் தாமாகவே விரைந்து அசைவதையும் கவனித்ததாகச் சொல்லியிருக்கிறார். அதைப் பிறரிடம் சோதித்து, 22 பேரை வைத்துச் செய்த முதல் ஆய்வை 1989-இல் வெளியிட்டார். அப்போது அதன் பெயரில் கண் அசைவும் உணர்ச்சியின் கூர்மை மழுங்குவதும் மட்டுமே இருந்தன. நினைவு மழுங்குவதோடு நில்லாமல் அதன் பொருளே மாறுகிறது என்று கண்டபின், 1991-இல் ‘மறுசெயலாக்கம்’ (ரீபிராசஸிங்) என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார். இன்று பெயரில் கடைசியாக நிற்கும் ‘ஆர்’ அதுதான்.

யாருக்கு, எப்போது

துயரமான நினைவு இருப்பவர் அனைவருக்கும் இந்தச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஒரு சாவையோ விபத்தையோ நினைத்து அழுவது நோயன்று. நினைவு கூப்பிடாமல் வந்து நிற்பதும், வந்தால் அது நடந்து முடிந்ததாக இல்லாமல் இப்போதே நடப்பதுபோல உடம்பு பதறுவதும், அந்தத் தெரு, அந்த வாசனை, அந்தச் சத்தம் ஆகியவற்றைத் தவிர்ப்பதற்காக ஒருவர் தம் அன்றாடத்தையே சுருக்கிக்கொள்வதும், கதவு அடித்தால்கூடத் தூக்கிவாரிப் போடுவதும் ஒரு மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால்தான், அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று மருத்துவர்கள் ஐயப்படுவார்கள். பி.டி.எஸ்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது அதுவே. நம் வீடுகளில் இதே நிலைக்குப் ‘பயந்த கோளாறு’ என்ற பெயர் உண்டு. வேப்பிலை அடித்து, மந்திரித்து, கயிறு கட்டியும் தீராமல் மாதங்கள் கழித்து ஆலோசகரிடம் வருபவர்கள் பலர். கயிறு கட்டியதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கட்டிய கயிற்றோடேயே வரலாம்.

சம்பவம் நடந்த மறுநாளே ஓடிப்போக வேண்டிய அவசரமும் இல்லை. பெரும்பாலானோர் முதல் சில வாரங்களில், உறக்கமும் உணவும் பக்கத்தில் மனிதர்களும் இருந்தால், தாமாகவே தேறிவிடுகிறார்கள். நடந்ததை உடனே எல்லோரிடமும் விரிவாகச் சொல்ல வைத்தால் மனம் இலேசாகிவிடும் என்ற நம்பிக்கையில் வற்புறுத்துவது உதவுவதில்லை. சிலருக்கு அது புண்ணைக் கிளறுவதாகவே முடிகிறது.

பி.டி.எஸ்.டி. உள்ள பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இ.எம்.டி.ஆரைக் கருத்தில் கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தபோது, போர்க்களத்தில் நேர்ந்ததல்லாத அதிர்ச்சிகளுக்கு என்று வரையறுத்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் நிபந்தனையுடன்தான் பரிந்துரைத்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பி.டி.எஸ்.டி.க்கு இது நம்பத்தக்க சிகிச்சைகளுள் ஒன்று என்று துணிந்து சொல்லலாம். மற்றபடி, எடை குறைய, தேர்வில் மதிப்பெண் கூட, கணவன் மனைவி ஒற்றுமைக்கு என்றெல்லாம் இதையே மருந்தாக விற்பவரைக் கண்டால் விலகிப் போவதே நல்லது.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

முறையைத் தேர்ந்தெடுப்பதைவிட ஆளைத் தேர்ந்தெடுப்பது முக்கியம் என்பது என் கருத்து. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று தொழில் செய்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு இருக்கும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. அடிப்படைத் தகுதிக்கு மேல்தான் இ.எம்.டி.ஆர். பயிற்சி வருகிறது. முறையான பயிற்சியில் பாடம் ஒரு பங்கு, மேற்பார்வையில் செய்து பழகுவது ஒரு பங்கு, பிறகு தம் நோயாளிகளைப் பற்றி அனுபவசாலி ஒருவரிடம் கலந்தாலோசிப்பது ஒரு பங்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இணையவழி வகுப்பில் பெற்ற சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவரிடம், “எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், உங்களுக்கு மேற்பார்வை செய்தவர் இருக்கிறாரா, நடுவில் எனக்குத் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?” என்று மூன்று கேள்விகள் கேட்டாலே போதும். கடைசிக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்பவரிடம் போகலாம். “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்பவரிடம் போக வேண்டாம். கட்டணம் எவ்வளவு, ஒரு அமர்வு எத்தனை நிமிடம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சிகிச்சையின் அமர்வு வழக்கமான ஆலோசனையைவிட நீளமானது, பெரும்பாலும் 60 முதல் 90 நிமிடம் வரை போகும்.

முதல் சந்திப்பில் அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டிய சில செய்திகள் உண்டு. வலிப்பு வந்திருந்தால் சொல்ல வேண்டும். கண்ணில் அறுவை நடந்திருந்தால், விழித்திரைக் கோளாறு இருந்தால் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குக் கண் அசைவுக்குப் பதிலாக உள்ளங்கையை மாறி மாறித் தட்டியோ, இரு காதிலும் மாறி மாறி ஒலி கேட்கச் செய்தோ சிகிச்சையைத் தொடரலாம். கருவுற்றிருந்தால், தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கான மாத்திரையோ சாப்பிட்டால், குடி அளவு மீறியிருந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்திருந்தால் மறைக்கக் கூடாது. ‘எப்படி வீட்டுக்கு வந்தேன் என்றே தெரியவில்லை’ என்று நேரம் தொலைந்துபோகிற அனுபவமோ, தன்னைத் தானே வெளியிலிருந்து பார்ப்பதுபோன்ற உணர்வோ அடிக்கடி வந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். மனம் அவ்வாறு துண்டித்துக்கொண்டு போகும் பழக்கம் உள்ளவரிடம் நேரடியாக நினைவைத் தொட்டால் நிலைமை மோசமாகலாம் என்பதால், தேர்ந்த சிகிச்சையாளர் ஆயத்தத்துக்கே பல வாரங்கள் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நடந்தது குற்றமாக இருந்து, நீங்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தால், சிகிச்சையைத் தொடங்கும் முன் வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். சிகிச்சைக்குப் பின் காட்சியின் கூர்மை குறையலாம், விவரங்கள் மங்கலாம். எதிர்த் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளவும் கூடும்.

ஆயத்தம்

சிகிச்சை முழுவதும் எட்டுக் கட்டங்களாக வகுக்கப்பட்டிருக்கிறது. வரலாறு கேட்பது முதல் கட்டம், ஆயத்தம் இரண்டாவது. இந்த இரண்டாவது கட்டத்தில் ஒரு அமைதியான இடத்தைக் கற்பனையில் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். நினைவு தாங்க முடியாமல் போனால் ஓடி வந்து நிற்பதற்கான இடம் அது. எளிதென்று தோன்றும், எளிதன்று. பாட்டி வீட்டுத் திண்ணை என்று பலர் சொல்வார்கள். திண்ணையில் உட்கார்ந்த சில நொடிகளில் பாட்டி இறந்த நாள் வந்துவிடும், அல்லது அந்த வீட்டைப் பங்கு பிரித்த சண்டை வந்துவிடும். ஆகவே மனிதர் இல்லாத இடமாக, கதை ஒட்டாத இடமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது: விடியற்காலைக் குளத்துப் படி, மழை பெய்து ஓய்ந்த தென்னந்தோப்பு, ஒருமுறை மட்டுமே போன ஏதோ ஒரு மலைப் பாதை. இடம் கிடைத்தபின் அங்கே என்ன கேட்கிறது, காலுக்கு அடியில் என்ன படுகிறது, காற்று எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரு சொல்லால் அதற்குப் பெயரிட்டு, அந்தச் சொல்லைச் சொன்னால் அங்கே போய்விடும் அளவுக்கு வீட்டில் தினமும் ஐந்து நிமிடம் பழக வேண்டும். சிகிச்சைக்குப் போகிறவர் தாமே வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி பெரும்பாலும் இது ஒன்றுதான்.

நிறுத்தச் சொல்லும் சைகையையும் அப்போதே பேசி வைப்பார்கள்; வழக்கமாகக் கையை உயர்த்துவது. அதை ஒருமுறை பொய்யாகவாவது உயர்த்திப் பார்த்து, சிகிச்சையாளர் உடனே நிறுத்துகிறாரா என்று சோதித்துக்கொள்ளுங்கள். ‘நிறுத்து’ என்று சொன்னபோது யாரும் நிறுத்தாததுதான் பலருடைய காயமே. அப்படிப்பட்டவருக்கு, கை உயர்ந்ததும் விரல் நிற்பதைக் கண்ணால் காண்பதே சிகிச்சையின் ஒரு பகுதி.

நாற்காலிகள் நேருக்கு நேர் போடப்படுவதில்லை. எதிர்த் திசையில் போகும் இரண்டு தோணிகள் பக்கவாட்டில் சந்திப்பதுபோல, சற்றே விலகி, முழங்கால்கள் தொடாமல் போடப்படும். அவருடைய கை உங்கள் முகத்திலிருந்து ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் அசையும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், கிடையாகவா சாய்வாகவா என்பதையெல்லாம் நினைவைத் தொடும் முன்பே ஒத்திகை பார்த்துவிட வேண்டும். கண் வலித்தால் உடனே சொல்ல வேண்டும். தலை அசையாமல் கண் மட்டும் அசைய வேண்டும் என்பது ஒன்றே விதி.

நினைவை எடுத்து வைப்பது

மூன்றாவது கட்டத்தில்தான் நினைவு மேசைக்கு வருகிறது. முழுக் கதையும் கேட்கப்படுவதில்லை. அந்தச் சம்பவத்தின் மிக மோசமான காட்சி எது, அந்தக் காட்சியைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி உங்களுக்கே என்ன தோன்றுகிறது, அதற்குப் பதிலாக என்ன தோன்றினால் நன்றாக இருக்கும், அந்த நல்ல எண்ணத்தை இப்போது ஏழுக்கு எத்தனை நம்புகிறீர்கள், என்ன உணர்ச்சி, தொந்தரவு பத்துக்கு எத்தனை, உடம்பில் எங்கே இருக்கிறது என்று வரிசையாகக் கேட்பார்கள். நம்பிக்கை ஒன்றிலிருந்து ஏழு வரையிலும், தொந்தரவு பூஜ்யத்திலிருந்து பத்து வரையிலும் அளக்கப்படும்.

இங்கே மொழி ஒரு பெரிய வேலை செய்கிறது. ஆங்கிலக் கையேடுகளில் உள்ள எதிர்மறை நம்பிக்கைகளின் பட்டியலை மொழிபெயர்த்து, “நான் போதுமானவன் அல்ல என்று தோன்றுகிறதா?” என்று கேட்டால் எதிரே இருப்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், அவருக்குள் ஒன்றும் அசையாது. “எல்லாம் என்னாலதான்”, “நான் எதுக்கும் லாயக்கில்ல”, “இனிமே என்னை யாரு மதிப்பா”, “நான் கையாலாகாதவன்”, “யாரையும் நம்பக் கூடாது” என்று அவரவர் வீட்டில் புழங்குகிற சொல் வாயில் வந்தால்தான் கண் கலங்கும், தொண்டை அடைக்கும். ஆகவே சிகிச்சையாளர் நீட்டும் தாளில் உள்ள வாக்கியம் உங்களுக்குப் பொருந்தாவிட்டால், உங்கள் பேச்சில், தேவைப்பட்டால் உங்கள் ஊர் வழக்கிலேயே சொல்லுங்கள். உடம்பைப் பற்றிச் சொல்லும்போதும் அப்படியே: நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, கை கால் உதறுகிறது என்று நம்மிடம் உள்ள சொற்கள் துல்லியமானவை. எண்ணில் சொல்ல வராத பெரியவர்களிடம், குடம் நிறைய இருக்கிறதா, பாதிக் குடமா, அடியில் கிடக்கிறதா என்று கேட்டாலும் கணக்கு வந்துவிடும்.

அறைக்குள் ஒரு மணி நேரம்

பலருடைய அனுபவங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். இதில் வருபவர் எந்த ஒரு தனி நபரும் அல்லர். முப்பத்து நான்கு வயதுப் பெண். பள்ளிக்கு மகளை ஸ்கூட்டரில் கூட்டிப்போகும்போது ஒரு சந்திப்பில் டேங்கர் லாரி மோதியது. மகளுக்குக் கை எலும்பு முறிந்து கூடிவிட்டது. ஓராண்டு ஆகியும் தாய் ஸ்கூட்டரைத் தொடவில்லை. மகள் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தாலும் கதவைத் தட்டுகிறார். மோசமான காட்சி என்று அவர் சொன்னது லாரியை அல்ல, மகளுடைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் திறந்து, தார்ச் சாலையில் உருண்டு போனதை. எண்ணம்: “என்னாலதான் ஆச்சு.” விரும்பும் எண்ணம்: “என்னால முடிஞ்சதை நான் செஞ்சேன்.” நம்பிக்கை ஏழுக்கு இரண்டு. தொந்தரவு பத்துக்கு ஒன்பது. இடம், வயிறு.

சிகிச்சையாளர் அந்தக் காட்சியையும் அந்த வாக்கியத்தையும் வயிற்றையும் சேர்த்து நினைக்கச் சொல்லிவிட்டு, விரலை அசைக்கத் தொடங்குகிறார். நான்காவது கட்டம் இது. ஏறத்தாழ இருபத்து நான்கு முறை போய் வருகிறது. அரை நிமிடம் இருக்கும். நிறுத்தி, மூச்சு விடச் சொல்லி, “இப்ப என்ன வருது?” என்று மட்டும் கேட்கிறார்.

“டிபன் பாக்ஸ் உருளுது. சத்தம் கேக்குது.”

“சரிங்க. அதோடயே போங்க.”

மறுபடி அரை நிமிடம். “வயித்தைப் பிசையுது, இன்னும் கூடுதலா.” மறுபடி. “எங்கம்மா திட்டுறாங்க. நான் சின்னப் பொண்ணு. தம்பி கிணத்து மேட்டுல ஏறிட்டான், நான் பாக்கல… இது ஏன் இப்ப வருதுன்னு தெரியல.” சிகிச்சையாளர் விளக்கம் சொல்வதில்லை, ஆறுதலும் சொல்வதில்லை, “அதோடயே போங்க” என்கிறார். ஓடும் ரயிலின் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வருவதை வரவிட்டுப் போவதைப் போகவிடுவதுதான் வேலை என்று முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறார். அழுகை வருகிறது, ஓய்கிறது. எத்தனையாவது சுற்றோ தெரியாது, அந்தப் பெண் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறார்: “சிவப்பு விளக்கைத் தாண்டி வந்தது லாரிதான். எனக்கு இது தெரிஞ்சதுதான். ஆனா இப்பதான் தெரியுது.”

தெரிந்ததை இப்போதுதான் தெரிந்துகொள்வது என்று அவர் சொன்னதைவிட நன்றாக மறுசெயலாக்கத்தை விளக்க எனக்குத் தெரியவில்லை. போலீஸ் அறிக்கையில் இருந்ததும், கணவர் நூறு முறை சொன்னதும் ஆன அதே செய்தி, வயிறு வரை போய்ச் சேர ஓராண்டு ஆகியிருக்கிறது.

எல்லா அமர்வும் இப்படி ஓடாது. சிலருக்கு ஒரே காட்சி திரும்பத் திரும்பச் சுற்றும், எண்ணும் குறையாது. அப்போது சிகிச்சையாளர் வேகத்தையோ திசையையோ மாற்றுவார், அல்லது ஒரே ஒரு கேள்வியை இடையில் செருகுவார்: “உங்க தங்கைக்கு இது நடந்திருந்தா அவங்க தப்புன்னு சொல்வீங்களா?” பதில் வரும் முன்பே விரல் ஆடத் தொடங்கிவிடும். சிலருக்கு எதுவுமே வராது. வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும். சிகிச்சையாளரைத் திருப்திப்படுத்துவதற்காக எண்ணைக் குறைத்துச் சொல்வது நம்மிடம் உள்ள பழக்கம், அதுதான் இங்கே பெரிய இடையூறு. ஒன்பது ஒன்பதாகவே இருந்தால் ஒன்பது என்றே சொல்லுங்கள்.

நடந்ததை வாய்விட்டு விவரிக்க வேண்டியதில்லை என்பது இந்த முறையின் தனிச் சிறப்பு. மனத்தில் பார்த்தால் போதும். “வந்தது, மாறியது” என்று சொன்னாலே அடுத்த சுற்றுக்குப் போகலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும், வெளியே சொன்னால் குடும்பம் என்னாகுமோ என்று அஞ்சுகிறவர்களும் இதனாலேயே இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தொந்தரவு பூஜ்யத்துக்கோ அதை ஒட்டியோ வந்தபின், விரும்பிய எண்ணத்தை அந்தக் காட்சியோடு சேர்த்து உறுதிப்படுத்துவது ஐந்தாவது கட்டம். தலை முதல் கால் வரை எங்காவது இறுக்கம் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது ஆறாவது. ஒரே அமர்வில் அவ்வளவு தூரம் போக முடியாமல் நேரம் முடிந்துவிட்டால், மிச்சத்தைக் கற்பனையில் ஒரு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, அமைதியான இடத்துக்கு வந்து முடிக்க வேண்டும். இந்த ஏழாவது கட்டத்துக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்காமல், அழுதுகொண்டிருப்பவரை “அடுத்த வாரம் பார்ப்போம்” என்று அனுப்புகிறவரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

வீடு திரும்பிய பின்

அன்றைக்குத் தாமே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பாமல் இருப்பது நல்லது. உடம்பு களைத்திருக்கும், சிலருக்குத் தலை பாரமாக இருக்கும். அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குக் கனவுகள் கூடலாம், மறந்திருந்த துணுக்குகள் எழலாம், காரணமில்லாமல் எரிச்சல் வரலாம். மனம் தன் வேலையைத் தொடர்கிறது என்பதற்கான அடையாளங்கள் அவை. ஆனால் எல்லை உண்டு. உறக்கமே இல்லாமல் போனால், அன்றாட வேலை நின்றுபோனால் அடுத்த அமர்வு வரை காத்திராமல் சிகிச்சையாளரை அழைக்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. இந்த இரண்டையும் சிகிச்சை தொடங்கும் முன்பே கைப்பேசியில் சேமித்துவிடுங்கள்.

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். தேதி, என்ன வந்தது, எது கிளப்பிவிட்டது, பத்துக்கு எத்தனை. இதற்கு மேல் எழுத வேண்டாம். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினால் தனியாக உட்கார்ந்து புண்ணைச் சொறிவதாக ஆகிவிடும். குடித்துவிட்டுத் தூங்கலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். “என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே, சரியாயிடுச்சா?” என்று வாசலிலேயே விசாரணை தொடங்கிவிடாதீர்கள். சாப்பாட்டைக் கொடுத்து, தூங்க விட்டு, குழந்தைகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டால் அதுவே பேருதவி.

கைப்பேசியில் பார்த்துச் செய்யலாமா

திரையில் ஒரு பந்து இடமும் வலமும் ஓடும் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதைப் பார்த்தபடி தம் மோசமான நினைவை எடுத்துப் பார்த்தவர்களுக்கு நேர்வதை மேலே சொன்ன எடுத்துக்காட்டே காட்டும்: டிபன் பாக்ஸில் தொடங்கி கிணற்று மேட்டுக்குப் போவது போல, ஒரு நினைவு எந்த நினைவை இழுத்துக்கொண்டு வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரவு பதினோரு மணிக்குத் தனி அறையில் அது வந்து நின்றால், நிறுத்தச் சொல்லிக் கை உயர்த்த எதிரே ஆள் இல்லை.

தனியாகச் செய்வதற்கு ஏற்றது, பட்டாம்பூச்சி அணைப்பு என்று சொல்லப்படும் சிறு பயிற்சியின் அமைதிப்படுத்தும் வடிவம். 1997-இல் மெக்சிகோவின் அகபுல்கோ நகரைப் பாலின் சூறாவளி தாக்கியபின், அங்கே பிழைத்தவர்களுடன் பணியாற்றுகையில் சிகிச்சையாளர் லூசினா ஆர்டிகாஸ் உருவாக்கியது அது. கூட்டமாக உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே தட்டிக்கொள்ளலாம் என்பதால் பேரிடர்க் களங்களில் பரவியது. 2021-இல் இளவரசர் ஹாரி ஒரு தொலைக்காட்சித் தொடரில் தம் சிகிச்சையைக் காட்டியபோது பலரும் கண்டது, கைகளைக் குறுக்காக வைத்துத் தட்டிக்கொள்ளும் இந்தக் காட்சியைத்தான். இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்து, விரல் நுனிகள் கழுத்தடியில் உள்ள காறை எலும்புக்குச் சற்றுக் கீழே படும்படி, கட்டைவிரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பாதி மூடி, அமைதியான இடத்தை நினைத்தபடி, இடம், வலம், இடம், வலம் என்று மெதுவாக, ஆறு அல்லது எட்டு முறை மட்டும் தட்டுங்கள். நிறுத்தி மூச்சு விடுங்கள். நன்றாக இருந்தால் இன்னொரு முறை செய்யலாம். துயர நினைவை எடுத்து வைத்துக்கொண்டு தட்டாதீர்கள். அமைதிக்குப் பதில் பதற்றம் ஏறினால் உடனே கையை இறக்கிவிட்டு, எழுந்து நின்று, அறையில் கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளுங்கள்.

கண் அசைவுக்கு உண்மையில் பங்கு உண்டா

இது முப்பது ஆண்டுச் சண்டை. பல ஆய்வுகளைத் திரட்டி 2001-இல் வெளிவந்த தொகுப்பாய்வு, கண் அசைவைச் சேர்த்தாலும் விட்டாலும் பலன் ஒன்றே என்றது. 2013-இல் வெளிவந்த இன்னொன்று, கண் அசைவால் கூடுதல் பலன் உண்டு என்றது. இன்று ஆய்வகங்களில் செல்வாக்குள்ள விளக்கம் எளிமையானது. மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய சுமைக்கு அளவு உண்டு. நினைவை ஏந்திக்கொண்டே விரலையும் துரத்தினால் நினைவுக்குக் கிடைக்கும் இடம் குறைந்து, அது மங்கலாகத் தெரிகிறது. மங்கிய வடிவிலேயே திரும்பப் பதிகிறது. நெதர்லாந்தில் நடந்த சோதனைகளில் மனக்கணக்கு போடுவது போன்ற வேறு வேலைகளும் இதைச் செய்தன. உறக்கத்தில் கனவு காணும்போது கண் அசைவதோடு இதைத் தொடர்புபடுத்தும் கருத்தும் உண்டு. அழகானது, ஆனால் உறுதிப்படவில்லை. மூளையின் இட வலப் பாதிகளைச் சேர்த்துத் தைக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை விளம்பரமாக எடுத்துக்கொள்ளலாம்.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையான, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையான பலன் இதற்கு இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தச் சிகிச்சையில் தேர்ந்தவர் இருந்து, இ.எம்.டி.ஆர். தெரிந்தவர் இல்லையென்றால், பயணம் செய்து தேடிப்போக வேண்டாம், அருகிலிருப்பவரிடமே போகலாம். வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக் கட்டும் முறையும் உண்டு. 2004 கடற்கோளுக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் தமிழ்க் குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை அது. கதை சொல்வது எளிதாக வருகிறவர்களுக்கு அது இன்னும் பொருந்தலாம்.

எத்தனை அமர்வு, எப்போது முடிப்பது

நைஸ் வழிகாட்டுதல் 8 முதல் 12 அமர்வுகள் என்கிறது. விபத்துபோல ஒற்றைச் சம்பவம் என்றால் அதற்கும் குறைவாக முடிவதுண்டு. சிறுவயதில் ஆண்டுக்கணக்கில் நடந்த கொடுமை, நீண்ட போர், சிறை என்றால் மாதக்கணக்கில் போகும். பத்து அமர்வில் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டாம். நான்கைந்து மறுசெயலாக்க அமர்வுகளுக்குப் பிறகும் எண்ணில் அசைவே இல்லை என்றால், “நாம் சரியான நினைவைத்தான் எடுத்திருக்கிறோமா, வேறு முறைக்குப் போகலாமா?” என்று கேட்பது உங்கள் உரிமை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் விரைவில் முடிந்துவிடுகிறது.

ஒவ்வொரு அமர்வும் முந்தையதை மறுபடி அளந்து பார்ப்பதில் தொடங்கும். அது எட்டாவது கட்டம். பழைய நினைவு அடங்கிவிட்டது என்பதாலேயே வேலை முடிந்துவிடாது. இன்றைக்கு எது கிளப்பிவிடுகிறது என்பதையும், நாளைக்கு அதைச் சந்திக்கும்போது எப்படி நடந்துகொள்வீர்கள் என்பதையும் அதே முறையில் தனித்தனியாக எடுத்துச் செய்ய வேண்டும். அந்தத் தாய்க்கு விபத்தின் காட்சி பூஜ்யமான பிறகும் லாரியின் காற்று பிரேக் சத்தம் ஐந்தில் நின்றது. அதைத் தனியாக எடுத்தார்கள். பிறகு, ஸ்கூட்டரில் ஏறி அந்தச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நிற்பதைக் கற்பனையில் முழுவதுமாக ஓட்டிப் பார்த்தார்கள். அதற்கடுத்த வாரம் முதலில் தனியாகவும், சில நாள் கழித்து மகளோடும் அவர் அந்த வழியாகப் போனார்.

நிறுத்தும்போது ஒரேயடியாக நிறுத்தாமல், வாரம் ஒருமுறை என்பதை இரண்டு வாரம், ஒரு மாதம் என்று தள்ளிக்கொண்டே போவது நல்லது. சம்பவம் நடந்த தேதியோ, இறந்தவரின் திதியோ, வழக்கின் விசாரணை நாளோ அடுத்து எப்போது வருகிறது என்று நாட்காட்டியில் பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்பாக ஒரு அமர்வை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.